மீன் வரும் முன்

தண்ணீர் தெளிந்துவிட்டது. உப்பு கரைந்து, மணலிலிருந்து கிளம்பிய வெண்தூசி அடங்கி, தொட்டிக்கு அந்தப் பக்கம் இருக்கும் சுவர்க் கடிகாரத்தின் விநாடி முள்வரை துல்லியமாகத் தெரிகிறது. பலரும் மீன் வாங்கக் கிளம்புவது இந்த நாளில்தான். தெளிந்த நீர் நல்ல நீர் என்று நமக்குப் பழகிப்போயிருக்கிறது. புதிதாக வைத்த கடல்நீர்த் தொட்டியில் தெளிவு என்பது தூசி அடங்கியதற்கு மட்டுமே சாட்சி. மீனைக் கொல்லும் அம்மோனியாவுக்கு நிறம் கிடையாது. கொல்லும் அளவில் அதன் நெடிகூட நம் மூக்குக்கு எட்டாது.

"வெறுந்தண்ணிக்கு எதுக்குப்பா ராப்பகலா மோட்டார் ஓடுது?" என்று அம்மா கேட்டார்.

"தண்ணிக்கு இல்லம்மா, கல்லுக்கு" என்றேன்.

*

மீன் தன் நைட்ரஜன் கழிவில் பெரும்பங்கை அம்மோனியாவாகச் செவுள் வழியே வெளிவிடுகிறது. மூச்சு விடும் நேரமெல்லாம் அது கசிந்துகொண்டே இருக்கும். கடலில் இது ஒரு பொருட்டே இல்லை. 200 லிட்டர் கண்ணாடிப் பெட்டிக்குள் அடைபட்ட மீனுக்கு, தான் விட்ட நஞ்சையே திரும்பக் குடிக்க வேண்டிய நிலை. அதை அப்புறப்படுத்துவது கண்ணுக்குத் தெரியாத இரண்டு நுண்ணுயிர்க் கூட்டங்கள். முதல் கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட்டாக்குகிறது, இரண்டாவது நைட்ரைட்டை நைட்ரேட்டாக்குகிறது. இரண்டும் நிலைபெற்றுவிட்டால் "டேங்க் சைக்கிள் ஆயிடுச்சு" என்பார்கள்.

கடல்நீருக்கு ஒரு கூடுதல் கண்டிப்பு உண்டு. அதன் பி.எச். 8.2 அருகே நிற்கும். அம்மோனியா நீரில் இரண்டு வடிவங்களில் இருக்கிறது, ஒன்று நஞ்சு, மற்றது ஏறக்குறைய சாது. பி.எச். 7 உள்ள நன்னீரில் மொத்தத்தில் அரை சதவீதம் அளவுதான் நஞ்சு வடிவில் இருக்கும். கடல்நீரின் காரத்தன்மையில் அந்தப் பங்கு பத்து மடங்குக்கும் மேலே போய்விடுகிறது. தங்கமீனும் கப்பியும் வளர்த்துப் பழகிய கை, "கொஞ்சம் அம்மோனியா இருந்தா என்ன" என்று இங்கே சொல்ல முடியாது.

நைட்ரைட் விஷயம் நேர் எதிர். நன்னீர் மீனின் ரத்தத்தைப் பழுப்பாக்கி மூச்சைத் திணறவைக்கும் நைட்ரைட், கடல்மீனை அவ்வளவு எளிதில் தொடுவதில்லை. உப்பிலுள்ள குளோரைடு செவுளில் அதோடு போட்டியிட்டு உள்ளே புகவிடாமல் தடுக்கிறது. அப்படியானால் கடல்தொட்டியில் நைட்ரைட் சுழியமாகும்வரை ஏன் காத்திருக்க வேண்டும்? இரண்டாவது கூட்டம் வந்து சேர்ந்ததற்கு வேறு அத்தாட்சி நம்மிடம் இல்லை என்பதால்.

*

இந்தக் காத்திருப்பை முதலில் எழுதிவைத்தவர்கள் மீன் வளர்த்தவர்கள் அல்ல. பிரான்ஸில் சாக்கடை நீரை என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்த தியோஃபில் ஷ்லோசிங், அஷில் மூன்ட்ஸ் என்ற இரண்டு வேதியியலாளர்கள். ஒரு நெடிய குழாயில் மணலும் சுண்ணாம்புக்கல்லும் நிரப்பி, அதன் வழியாகச் சாக்கடை நீரை மெல்ல வடியவிட்டார்கள். சுமார் இருபது நாள் எதுவுமே நடக்கவில்லை. மேலே போன அம்மோனியா அப்படியே கீழே வந்தது. அதன் பிறகு நைட்ரேட் தென்பட ஆரம்பித்து, பெருகி, கடைசியில் அம்மோனியாவே இல்லாமல் போனது.

இது வெறும் ரசாயன வினை என்றால் முதல் நாளே நடந்திருக்க வேண்டும். இருபது நாள் தாமதம்தான் அவர்களுக்குத் துப்பு. குழாய்க்குள் குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்திப் பார்த்தார்கள், நைட்ரேட் நின்றுபோனது. குளோரோஃபார்மை நீக்கியும் வேலை தொடங்கவில்லை. கொஞ்சம் மண் கழுவிய நீரை ஊற்றிய பிறகே மறுபடி ஆரம்பித்தது. 1877இல் வெளிவந்த அந்த ஆய்வை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு நிறைவு. மணல், சுண்ணாம்புக்கல், வடியும் நீர். என் தொட்டியில் இருப்பதும் அவ்வளவுதான்.

நண்பர் வீட்டுப் பழைய தொட்டியிலிருந்து ஒரு துண்டுக் கல்லைக் கேட்டு வாங்கிப் போடுவது, பாலுக்கு உறை ஊற்றுவதுதான். அந்த மண் கழுவிய நீர் செய்த வேலையை இந்தக் கல் செய்கிறது. ஆனால் நண்பரின் தொட்டியில் நோய் எதுவும் இல்லை என்று தெரிந்தால் மட்டுமே வாங்க வேண்டும். வெள்ளைப்புள்ளி நோயும் அந்தக் கல்லோடு கூடவே வரும்.

*

1890இல் செர்கேய் வினோகிராட்ஸ்கி இந்த நுண்ணுயிர்களைப் பிரித்தெடுத்துக் காட்டினார். பிறகு நூறாண்டுகளுக்குப் பாடப்புத்தகம் ஒரே பதிலைச் சொன்னது: முதல் பாதி நைட்ரோசோமோனாஸ், இரண்டாம் பாதி நைட்ரோபாக்டர். 1990களில் மீன்தொட்டிகளை மரபணு வழியாகச் சோதித்தபோது நைட்ரோபாக்டரைக் காணோம், அந்த இடத்தில் நைட்ரோஸ்பைரா உட்கார்ந்திருந்தது.

2005இல் வந்த செய்தி இன்னும் பெரியது. மார்ட்டின் கோனெக்கேவும் அவரோடு ஆய்வு செய்தவர்களும் அம்மோனியாவை உண்டு வாழும் ஓர் உயிரைத் தனியாக வளர்த்தெடுத்தார்கள். அது பாக்டீரியாவே இல்லை, ஆர்க்கியா என்ற வேறு பெரும்பிரிவு. நைட்ரோசோபுமிலஸ் மாரிடிமஸ் என்று பெயர் வைத்தார்கள். அதன் உறவுகள் உலகக் கடல்கள் எங்கும், ஆழங்களில் குறிப்பாக, கணக்கற்றுக் கிடக்கின்றன. ஆனால் ஆய்வாளர்களின் கைக்கு அது வந்தது ஆழ்கடலிலிருந்து அல்ல. அமெரிக்காவில் சியாட்டில் நகரத்து மீன்காட்சியகத்தில், வெப்பமண்டலக் கடல்தொட்டி ஒன்றின் அடியில் கிடந்த சரளைக்கல்லிலிருந்து.

சிறுவர்கள் மூக்கை அழுத்தி வேடிக்கை பார்த்த கண்ணாடிக்குப் பின்னால், யாரும் பார்க்காத சரளையில், கடலை நடத்தும் உயிர் ஒன்று வேலை செய்துகொண்டிருந்திருக்கிறது. இரவில் விளக்கை அணைத்துவிட்டு என் வெள்ளைக் கற்களைப் பார்த்துக்கொண்டு உட்காரும்போது இது நினைவுக்கு வரும். நிறைய நேரம் உட்கார்ந்துவிடுவேன்.

*

கற்கள் ஏன் வெள்ளை?

உலகில் பல இடங்களில் 'லைவ் ராக்' வைத்துத்தான் தொட்டியைத் தொடங்குகிறார்கள். கடலிலிருந்து உயிரோடு எடுத்த, துளைகள் நிறைந்த பவளச் சுண்ணாம்புக்கல். நுண்ணுயிர்கள் அதிலேயே குடியிருப்பதால் தொட்டி சீக்கிரம் பழகிவிடும். 1961இல் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங், அத்தகைய கல்லையும் காற்றுக் குமிழியையும் மட்டும் வைத்துக் கடல் உயிர்களை வளர்க்கும் முறையை எழுதினார். இன்றைய பவளத் தொட்டிகளின் வேர் அங்கே இருக்கிறது.

நமக்கு அந்த வழி இல்லை, இருக்கவும் கூடாது. ராமேஸ்வரத்திலிருந்து தூத்துக்குடி வரை 21 தீவுகள் மன்னார் வளைகுடாவில் வரிசையாக நின்றன. அவற்றைச் சுற்றியிருந்த பவளப்பாறைகளைச் சுண்ணாம்புக்காகவும் கட்டுமானத்துக்காகவும் பல பத்தாண்டுகள் வெட்டி எடுத்தோம். அலையைத் தடுத்த பாறை போனதும் மணல் கரைந்தது. பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் மூழ்கிவிட்டன. 1986இல் அந்தப் பகுதி கடல்சார் தேசியப் பூங்கா ஆனது. 2001இல் பாறை கட்டும் பவளங்கள் அனைத்தும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் வந்தன, புலிக்கும் யானைக்கும் உள்ள அதே காப்பு.

ஆகவே உலர்ந்த வெள்ளைக் கல்லும், சுட்டுச் செய்த பீங்கான் கல்லும், பொறுமையும்தான் நம் முதல். யாராவது "சார், ஒரிஜினல் ராம்நாடு கல்லு இருக்கு, வேணுமா" என்று தாழ்ந்த குரலில் கேட்டால், வேண்டாம் என்று மட்டும் சொல்லாமல் ஏன் வேண்டாம் என்றும் சொல்லிவிட்டு வருகிறேன். நாலு வாரம் சேமிப்பதற்காக ஒரு தீவின் அடித்தளத்தை வீட்டுக்குக் கொண்டுவர எனக்கு மனமில்லை.

*

மீன் இல்லாத தொட்டிக்கும் உணவு போட வேண்டும். அம்மோனியா இல்லாவிட்டால் அதை உண்பவை எதற்காகப் பெருகும்?

பழைய வழி, ஓர் இறாலை உரித்து உள்ளே போட்டு அழுகவிடுவது. நடக்கும். ஆனால் எவ்வளவு அம்மோனியா வருகிறது என்பது இறாலின் கையில் இருக்கிறது, வீடெல்லாம் கவிச்சி வேறு. எனக்குப் பிடித்தது அம்மோனியம் குளோரைடு. ஈயம் பூசுபவர்கள் பாத்திரத்தில் தேய்க்கும் நவச்சாரம் அதுதான். தொட்டிக்கு மட்டும் ஆய்வகத் தரத்தில் சுத்தமானதை வாங்க வேண்டும், கடைச்சரக்கில் வேறு என்ன கலந்திருக்கும் என்று சொல்ல முடியாது. 100 லிட்டருக்கு அரை கிராமுக்குச் சற்று மேல் போட்டால் அம்மோனியா 2 பி.பி.எம். (பத்து லட்சத்தில் இரண்டு பங்கு) அளவுக்கு ஏறும். அது போதும். வேகமாக ஆகட்டும் என்று அள்ளிப் போட்டால் அதிகப்படியான அம்மோனியாவே இரண்டாவது கூட்டத்தை எழவிடாமல் அமுக்கிவிடும்.

உணவை அழுகவைக்கும் சாதாரண பாக்டீரியா அரை மணி, ஒரு மணி நேரத்தில் இரட்டிப்பாகும். நம் கூட்டங்கள் இரட்டிப்பாக அரை நாளோ ஒரு நாளோ, அதற்கு மேலுமோ ஆகும். அம்மோனியாவை எரித்துக் கிடைக்கும் சொற்ப ஆற்றலைக் கொண்டு, நீரில் கரைந்த கரியமில வாயுவிலிருந்து தங்கள் உடலைத் தாங்களே கட்டிக்கொள்ள வேண்டும். இவ்வளவு கடினமாக வாழும் உயிரை அவசரப்படுத்தக் கூடாது.

*

நீரைச் சோதிப்பது பகல் வெளிச்சத்தில். டியூப்லைட்டின் கீழ் மஞ்சளே லேசாகப் பச்சை காட்டும்.

கண்ணாடிக் குழாயைத் தொட்டி நீரால் ஒருமுறை அலசிவிட்டு, 5 மில்லி கோட்டுவரை நிரப்புகிறேன். மருந்துப் புட்டியைச் செங்குத்தாகக் கவிழ்த்துப் பிடிக்க வேண்டும். சாய்த்தால் சொட்டு சிறுத்துக் கணக்கு பிசகும். இரண்டாவது மருந்தின் சொட்டு விழுந்ததும் குழாய்க்குள் ஒரு புகை இழை இறங்கும். மூடிக் குலுக்கிவிட்டு ஜன்னலோரம் வெள்ளை அட்டைக்கு முன் நிறுத்துகிறேன். அம்மோனியா இல்லையென்றால் எலுமிச்சை மஞ்சள். இருந்தால் ஓரத்திலிருந்து பச்சை ஊறி, நிமிடங்கள் போகப்போக அடர்ந்து, 2 பி.பி.எம். என்றால் தெளிவான இலைப்பச்சையில் வந்து நிற்கும். நைட்ரைட்டுக்கு வான நீலம் சுழியம், ஊதா இருப்பு.

நைட்ரேட் சோதனைதான் அதிகம் பொய் சொல்லும். அதன் ஒரு புட்டியில் அடியில் தூள் படிந்திருக்கும், அரை நிமிடம் பலமாகக் குலுக்காவிட்டால் அந்தத் தூள் சொட்டில் வராது, நைட்ரேட் இருந்தும் இல்லை என்று காட்டும். இன்னொன்று: அந்தச் சோதனை நைட்ரேட்டை முதலில் நைட்ரைட்டாக மாற்றி, பிறகுதான் நிறம் காட்டுகிறது. நீரில் ஏற்கெனவே நைட்ரைட் நின்றால் அதையும் சேர்த்து எண்ணிவிடும். சிவப்பைப் பார்த்து "நைட்ரேட் வந்துவிட்டது, முடிந்தது" என்று எழுந்துவிடுகிறவர்கள் பலர். நைட்ரைட் நீலத்துக்குத் திரும்பாதவரை அந்தச் சிவப்பை நம்புவதற்கில்லை.

*

நடுநாட்கள்.

அம்மோனியா ஒரே நாளில் காணாமல் போகிறது. நைட்ரைட் மட்டும் ஊதாவில் அப்படியே நிற்கிறது. இன்றும் ஊதா. நேற்றைய ஊதாவைவிட அடர்த்தியா என்று நிற அட்டையை வைத்துப் பார்க்கிறேன், சொல்ல முடியவில்லை. ஏதோ கெட்டுவிட்டது என்று தோன்றும் நாட்கள் இவைதான். நீரை மாற்றலாமா, இன்னொரு புட்டி பாக்டீரியா வாங்கி ஊற்றலாமா என்று கை பரபரக்கும். எதுவும் கெடவில்லை. முதல் கூட்டம் சமைத்துப் போட்டால்தான் இரண்டாவது சாப்பிட உட்கார முடியும், அதனால் அது தாமதமாகத்தான் பெருகுகிறது. இந்த நாட்களில் நான் செய்வது நவச்சாரத்தை நிறுத்துவதும், ஆவியான அளவுக்கு நன்னீர் ஊற்றி உப்பை 35 பி.பி.டி. (ஆயிரத்தில் 35 பங்கு) அருகே வைப்பதும் மட்டுமே. சென்னை வெயிலில் அந்த வேலையே தினசரி இருக்கிறது.

மணலில் பழுப்புப் படலம் படர ஆரம்பித்திருக்கிறது. டையட்டம். மணலிலும் நீரிலும் உள்ள சிலிக்காவை உண்டு வருகிற பாசி. இதைப் பார்த்ததும் தொட்டி தயார் என்று சொல்பவர்கள் உண்டு. பழுப்பு வந்தது என்றால் வெளிச்சமும் சிலிக்காவும் இருக்கின்றன என்று பொருள். அம்மோனியாவைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

*

இன்று காலை நீலம்.

உடனே நம்பவில்லை. கணக்கு பார்க்க ஒரு வழி இருக்கிறது. 2 பி.பி.எம். அம்மோனியா முழுவதும் முதல் படியைத் தாண்டினால் ஏறக்குறைய 5.4 பி.பி.எம். நைட்ரைட். அதுவும் முழுவதும் மாறினால் ஏறக்குறைய 7.3 பி.பி.எம். நைட்ரேட். நைட்ரஜன் எங்கும் போகவில்லை, அதோடு சேர்ந்த ஆக்சிஜன்தான் எடையைக் கூட்டுகிறது. ஆகவே 2 பி.பி.எம். மறுபடி போட்டு, மறுநாள் அதே நேரத்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியமாகி, நைட்ரேட் ஏழெட்டு ஏறியிருந்தால், உள்ளே போனது வெளியே வந்துவிட்டது. அட்டையின் நிறங்களில் ஏழையும் பத்தையும் பிரிப்பது கஷ்டம்தான். ஆனால் ஏற்றத்தின் திசை தெரியும், அது போதும்.

நாள் எண்ணிச் சொல்பவர்கள் நாலு வாரம், ஆறு வாரம் என்பார்கள். உலர்ந்த கல்லுக்கு அது பெரும்பாலும் ஒத்துவரும். ஆனால் என் நோட்டில் முடிவாக எழுதிவைக்க எனக்கு ஒரே கேள்விதான் தகுதியானதாகத் தெரிகிறது: நேற்று கொடுத்ததை இன்று தின்று முடித்ததா? இரண்டு முறை அடுத்தடுத்து ஆமாம் என்று வந்தால் தயார்.

தயார் என்பதற்கும் ஒரு வரம்பு உண்டு. எவ்வளவு உணவு கொடுத்து வளர்த்தோமோ, கூட்டம் அந்த அளவுக்குத்தான் இருக்கும். உடனே மீன் விடாமல் நாட்கணக்கில் பட்டினி போட்டால் சோர்ந்துவிடும். ஒரே நாளில் எட்டு மீன் விட்டால் திணறிவிடும். ஒரு ஜோடி விட்டு, சில வாரம் பொறுத்து அடுத்தது என்று போனால், கல்லும் கூடவே வளர்ந்துவரும்.

*

ஒரு விஷயத்தில் எனக்கு விட்டுக்கொடுக்க முடியவில்லை. "முதல்ல ரெண்டு டாம்செல் போடுங்க சார், அது தாங்கும், அப்புறம் எடுத்துடலாம்" என்ற அறிவுரை இன்னும் பல இடங்களில் கிடைக்கிறது. டாம்செல் மீன் தாங்கும் என்பது உண்மை. செவுள் வெந்துகொண்டே இருக்க, மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு, வாரக்கணக்கில் தாங்கும். பவளப்பாறையில் கூட்டமாகத் திரிந்த உயிரைப் பிடித்து வந்து, மூணு சொட்டு மருந்தும் ஒரு சிட்டிகை நவச்சாரமும் சொல்லக்கூடிய பதிலை அதன் உடம்பில் தேடுவது எனக்குச் சம்மதமில்லை. அவசியமில்லாத வலி அது. வேறு வழி தெரியாத காலத்தில் செய்தார்கள். இன்று அந்தச் சாக்கு கிடையாது.

*

நாளை பாதி நீரை மாற்றப் போகிறேன், சேர்ந்திருக்கும் நைட்ரேட்டைக் குறைக்க. கூட்டம் நீரில் மிதப்பதில்லை, கல்லிலும் மணலிலும் ஒட்டி வாழ்கிறது, அதனால் நீரை மாற்றுவதால் ஒன்றும் போய்விடாது. அதன் பிறகு ஒரு ஜோடி நெமோ மீன், அதாவது கோமாளி மீன். கடலில் பிடித்தது வேண்டாம். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையமும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் கோமாளி மீன்களைத் தொட்டியிலேயே முட்டையிடவைத்துக் குஞ்சு வளர்த்துக் காட்டியிருக்கின்றன. கேட்டால் பொரிப்பகத்து மீன் கிடைக்கும்.

புதிதாகக் கடல்தொட்டி வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். மீன் வாங்கக் கொளத்தூருக்கு வண்டியை எடுப்பதற்கு முன் ஒருமுறை சோதித்துப் பாருங்கள். நேற்று போட்ட 2 பி.பி.எம். இன்று மஞ்சளும் நீலமுமாக வந்தால் போய்விட்டு வாருங்கள். பச்சையின் சாயல் கொஞ்சம் இருந்தாலும், ஊதாவின் சாயல் கொஞ்சம் இருந்தாலும், அடுத்த வாரம் போங்கள். கடையில் அந்த மீன் போய்விட்டாலும் வேறு மீன் வரும்.